மெனு விழும் ஓரம்

ஓட்டமாவடிப் பாலத்தடியில் சாலிஹ் நானா நடத்திய ஸ்டூடியோவில் ஒரு கொம்பியூட்டருக்கு இரண்டு மொனிட்டர்கள் இருந்தன. இடது பக்கத்தில் இருந்தது அங்கே படங்களைத் திருத்தும் இராசாத்திக்கு மட்டும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்ததால் வேறு யாருக்கும் அது தெரியாது. வலது பக்கத்தில் இருந்தது அவளும் பார்க்கலாம், படம் எடுக்க வந்தவர்களும் பார்க்கலாம் என்று சரித்து வைத்தது. முகத்தை அதில் காட்டி, தலையாட்ட வைத்து, அதன் பிறகுதான் அச்சடிப்பது. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் மச்சாள்மாரிடம் காட்டிவிட்டு, காது பெரிசாக இருக்கிறது, கழுத்தைக் காணவில்லை என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

அந்தப் பகுதியில் கடவுள் கொடுத்த முகத்தோடு படம் எடுத்துக்கொண்ட ஒருவரைக்கூடத் தான் கண்டதில்லை என்று இராசாத்தி அடித்துச் சொல்வாள். கறுப்பைக் குறைக்க வேண்டும், மருவை எடுக்க வேண்டும், கலியாணப் பேச்சென்றால் பத்து வயதையும் சேர்த்து எடுக்க வேண்டும். இத்தனை வேலையையும் வலது பக்கத் திரையில் செய்தாலும், அதற்கான மெனு மட்டும் இடது பக்கத் திரையின் உச்சியில் அசையாமல் குந்தியிருக்கும். ஒரு மருவுக்கு மவுஸை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு இழுக்க வேண்டும். அவளுடைய மணிக்கட்டு வீங்கிப்போனது அப்படித்தான்.

இழுத்து இழுத்து அலுத்துப்போய் அவளே கேட்டுத்தான் அந்தப் புரோகிராம் வந்தது. கட்டாரில் இருந்த சாலிஹின் மச்சான் பாறூக் ஒரு சீடியில் அனுப்பியிருந்தான். மவுஸ் எந்தத் திரையில் நிற்கிறதோ மெனு அங்கேயே, கைக்குப் பக்கத்தில் விரியும். அன்று காலையில்தான் சாலிஹ் அதைப் போட்டுக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் இராசாத்தி அதைத் திட்டத் தொடங்கிவிட்டாள்.

“நானா, இது சரிவராது. என்ன அமத்துறன் எண்டு வாறவங்களுக்கெல்லாம் தெரியுது. பொண்ணுட தாய் ஒராள் பக்கத்தில நிண்டு, அதையும் அமத்து, அதுக்குக் கீழ கிடக்கிறதையும் அமத்து எண்டு என்ர உயிர வாங்கிட்டா.”

“அமத்திக் குடுக்கிறதுதானே தங்கச்சி.”

“அதோட கோளாறும் கிடக்கு. படத்த அந்தத் திரையிர இடது ஓரத்துக்குக் கொண்டு போனா மெனு அங்க வராது. திரும்பி என்ர திரைக்குள்ள வந்து விழுது. பாருங்க.”

சாலிஹ் குனிந்து பார்த்தார். படத்தை ஓரத்துக்குத் தள்ளியதும் மெனு இந்தப் பக்கத் திரையில் வந்து விழத்தான் செய்தது. “பாறூக்குக்குச் சொல்லுவம்,” என்று தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு லுஹர் தொழுகைக்குப் போய்விட்டார். தலை போகிற காரியமென்றாலும் அந்த மனிதர் பாறூக்குக்குச் சொல்லுவம் என்றுதான் சொல்வார்.

உண்மையில் இராசாத்திக்கு அன்று எதுதான் சரிவந்தது? கதவுக்கு வெளியே ஒரு வாகனம் வேகத்தைக் குறைத்தால் மவுஸை விட்டுவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். அவளுடைய தங்கை கோமளா, சாலிஹின் வீட்டில், அவர் மனைவி ஸஹீதாவின் பின்னறையில் ஒளிந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளையை வழியில் வைத்து இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. பிறகு இயக்கத்துக்குள்ளேயே அடிபிடி வந்து முகாம்கள் கலைந்தபோது அவள் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். இப்போது, அப்படி வந்து சேர்ந்த பிள்ளைகளையெல்லாம் தேடித் திரிந்தார்கள். வெள்ளை வான் வண்டியில் வருகிறவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. கோமளாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடுத்த கிழமை குவைத்துக்கு விமானம். அதுவரை அவளை யாரும் காணக் கூடாது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது, அந்த அவ்வளவுதான் மலையாக இருந்தது.

மனதை வேலையில் வைக்கலாம் என்று இராசாத்தி இடது பக்கத் திரையில் புவனாவைத் திறந்தாள். கல்குடாவில் சுனாமியாகக் கடல் வந்த அன்று காணாமல் போன பிள்ளை. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காத பிள்ளைக்கு நான் ஏன் மாலை போட வேண்டும் என்று அவளுடைய தாய் ஆச்சிப்பிள்ளை ஒரு வருசத்துக்கு மேல் பிடிவாதமாக நின்றாள். போன கிழமைதான் சொந்தக்காரர்கள் பேசிப் பேசி அவளைக் கடைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். “மாலை போட்டமாதிரி ஒரு படம் செய்து தா புள்ள,” என்று சொன்னவள், வேறு ஒரு சொல்லும் பேசாமல் போனாள். படத்தில் புவனா சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் இராசாத்தி போட்ட மல்லிகை மாலை. வெள்ளிக்கிழமை கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அப்போதுதான் வான் வந்து நின்றது. இந்த முறை வேகத்தைக் குறைத்ததோடு போகவில்லை, எஞ்சினையும் நிறுத்தினார்கள்.

இரண்டு பேர். ஒருவன் வாசலிலேயே நின்றுகொண்டான். மற்றவன் உள்ளே வந்து, வாடிக்கைக்காரர்களுக்கான கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். நல்ல மரியாதைக்காரன். அந்த மரியாதைதான் அவளை உலுக்கியது.

“அக்கா, ஒரு படம் பெருசாக்கோணும்,” என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

மரத்தடியில் வரிசையாக நிற்கும் பெண்பிள்ளைகள். எல்லோருக்கும் தொப்பி, எல்லோருக்கும் இயக்கத்தின் ஒரே வரிச்சட்டை. நகத்தளவு முகங்கள். ஒன்றைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டிருந்தது.

“இந்த முகம் மட்டும். தெளிவா வேணும். எனக்கும் ஆளத் தெரியா, மேல இருந்து தந்தது. இதத் தெளிவாக்கித் தந்தா வீடு வீடாக் காட்டலாம்.”

நகத்தளவுதான். ஆனால் கூடப் பிறந்தவளின் தலைச் சரிவை அடையாளம் காண ஒருத்திக்கு எவ்வளவு பெரிய படம் வேண்டும்? கோமளா எப்போதும் இடது தோள் பக்கம் தலையைச் சாய்த்துத்தான் நிற்பாள். அதற்காக அம்மாவிடம் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறாள்!

இராசாத்தி படத்தை வாங்கி ஸ்கேனரில் வைத்தாள். மிசின் பழுது என்று சொல்லலாமா? சொன்னால் வாழைச்சேனைக்குக் கொண்டு போவார்கள், அங்கே இருக்கிற ஸ்டூடியோக்காரன் கோமளாவை அப்படியே துலக்கிக் கொடுப்பான். முகத்தைக் கெடுக்கிறதென்றால் தான்தான் கெடுக்க வேண்டும், இங்கேதான் கெடுக்க வேண்டும்.

நேற்றென்றால் பிரச்சினையே இல்லை. மெனு தடுப்புக்குப் பின்னால் இருந்தது, எதை அமத்தினாலும் ஒருவருக்கும் தெரியாது. இன்று வலது பக்கத் திரையின் நடுவில் படம் வந்ததும், மவுஸுக்குப் பக்கத்தில், அவனுடைய மூக்குக்கு நேரே மெனு விரிந்து நின்றது. கேட்டு வாங்கிய வினை!

அவன் முன்னுக்குச் சரிந்து ஒவ்வொன்றாக வாசித்தான். “கொப்பி. பேஸ்ட். இதெல்லாம் என்னத்துக்கு அக்கா? நானும் கொம்பியூட்டர் கிளாசுக்குப் போனவன்தான்.”

“எல்லாப் படத்துக்கும் வாறதுதான் தம்பி.”

அவள் படத்தைத் தன் திரைக்கு இழுக்கப் பார்த்தாள்.

“இல்லக்கா, இஞ்சயே இரிக்கட்டும். நான் பாக்கோணும்.”

வெயில் வாவித் தண்ணீரில் பட்டுத் தெறித்துக் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மொனிட்டரின் நடுவில் அது வெள்ளையாக விழுந்து கிடந்தது. இராசாத்தி அதைக் கண்டாள். காலையிலிருந்து தான் திட்டித் தீர்த்த கோளாறும் அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“நடுவில வெயில் அடிக்குது தம்பி, முகம் தெரியுதில்ல. இந்த ஓரத்தில வெச்சா வடிவாத் தெரியும்,” என்று படத்தை இடது ஓரத்துக்கு நகர்த்தினாள்.

மெனு அவனுடைய கண்ணுக்கு முன்னாலிருந்து மறைந்து, தடுப்புக்குப் பின்னால் வந்து விழுந்தது.

“ஓம், இப்ப நல்லாத் தெரியுது,” என்றான் அவன்.

முதலில் தாடையை அகட்டினாள். பிறகு கையை நிறுத்தினாள். இப்படி ஒரு தாடை பேத்தாழையில் யாருக்கோ இருக்கிறதே? கண்ணைச் சின்னதாக்கினால் அது சித்தாண்டிப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் கண்ணாகும். எந்த முகத்தைச் செய்தாலும் அது எங்கேயோ இரட்டைப் பின்னலோடு ரியூசனுக்குப் போகிற ஒரு பிள்ளையின் முகம். இவர்கள் வீடு வீடாகக் காட்டப் போகிறார்கள். தன் தங்கைக்குப் பதிலாக எவளைப் பிடித்துக் கொடுப்பது? கடவுளே, ஒருத்திக்கும் இல்லாத முகமென்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாதா?

இடது பக்கத் திரையில் மெனுவுக்குக் கீழே புவனா சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடல் கொண்டுபோன பிள்ளை. அவளை இனி எந்த வானில் ஏற்ற முடியும்? இராசாத்தி அதற்குமேல் யோசிக்கவில்லை. புவனாவின் கண்ணை எடுத்தாள், மூக்கை எடுத்தாள், மேலுதட்டுக்கு மேலே இருந்த மச்சத்தையும் எடுத்தாள். தொப்பியை அப்படியே விட்டுவிட்டாள். வலது பக்கத் திரையில் கலங்கலாக இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கியது. அவன் கதிரை நுனிக்கு வந்துவிட்டான்.

“அட! மச்சமெல்லாம் வருதே. கெட்டிக்காரிதான் அக்கா நீங்க.”

அச்சடித்த படத்தைக் காற்றில் ஆட்டிக் காயவைத்தபடி போனான். போகும்போது நன்றியும் சொன்னான்.

சாலிஹ் திரும்பி வந்தபோது அவள் கழிவறைக்குப் பக்கத்தில் நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “நல்ல வேலைதான் செஞ்சிரிக்காய் தங்கச்சி. கடலோட மௌத்தானவங்களுக்கு இனி என்ன பயம்?” என்றார். அவளும் அன்று அப்படித்தான் நம்பினாள். அன்று இரவு சோறுகூட இறங்கியது.

வெள்ளிக்கிழமை வானம் மூடிக் கிடந்தது. சட்டம் போட்ட படத்தைத் தாளில் சுற்றி வைத்துவிட்டு இராசாத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சிப்பிள்ளை பஸ்ஸால் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். சேலைத் தலைப்பு ஒரு பக்கம் இழுபட்டது. இடது கன்னம் கன்றி வீங்கியிருந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்தது என்ன? போன கிழமை பேச்சில்லாமல் வந்துபோன மனுசியா இவள்?

“புள்ள, அந்தப் படம் வேணாம். சுத்தினத அவிழ். எனக்கு வேணாம்.”

“என்ன மாமி? கன்னத்தில என்ன?”

“அது கிடக்கட்டும். அடிச்சவங்கள். அடிக்கட்டும்.” அவள் கதிரையில் விழுந்து மூச்சு வாங்கினாள். “என்ர பிள்ள உயிரோட இரிக்காள்கா.”

இராசாத்தி சுற்றி வைத்த படத்தை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தாள்.

“வானில வந்து தேடுறாங்கள். கையில அவள்ர படம். தொப்பி போட்டுக்கொண்டு நிக்காள், என்ர கண்ணால பாத்தன். மச்சமும் கிடக்கு. எங்கடி ஒளிச்சு வெச்சிரிக்காய் எண்டு வீட்டையெல்லாம் கிண்டினாங்கள். நான் சொன்னன், தம்பி, அவளக் கடல் கொண்டு போயிட்டு எண்டு. அதுக்கு அவன் கேக்கான், செத்தவள நாங்க ஏன் தேடுறம் எண்டு.” ஆச்சிப்பிள்ளை சிரித்தாள். கண்ணீர் வீங்கிய கன்னத்தில் வழிந்தது. “ஞாயமான கேள்விதானே புள்ள? செத்தவள ஆராவது தேடுவாங்களா? கடலுக்க இருந்து அவளத் தூக்கினவங்க கூட்டிப் போயிரிக்காங்க. தாயிட்ட வர வழி இல்லாம எங்கயோ காட்டுக்குள்ள கிடக்காள். ஆனா இரிக்காள்.”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று இராசாத்தியின் நெஞ்சு அடித்தது. அந்த முகத்தை நான்தான் ஒட்டினேன் மாமி. வாய்வரை வந்தது. சொன்னால் இந்த மனுசி என்ன செய்வாள்? தெருவில் நின்று கத்துவாள். கத்தினது அந்த வான்காரனின் காதுக்குப் போகும். கோமளா இன்னும் ஸஹீதாவின் பின்னறையில்தான் இருந்தாள். விமானம் அடுத்த கிழமை. இராசாத்தி வந்த சொல்லை விழுங்கினாள்.

“அந்த மாலையக் கழட்டு புள்ள,” என்றாள் ஆச்சிப்பிள்ளை. “உயிரோட இரிக்கிற பிள்ளைக்கு மாலை போட்டு வெச்சிரிக்கன், பாவி நான். என்ர கண்ணுக்கு முன்னால கழட்டு.”

இராசாத்தி புவனாவின் படத்தை வலது பக்கத் திரைக்குக் கொண்டு வந்தாள். கை தானாகவே அதை இடது ஓரத்துக்கு நகர்த்தியது.

“ஏன்கா ஓரத்துக்குக் கொண்டு போறாய்? நடுவில வை. நான் பாக்கோணும்.”

வெயிலும் இல்லை, சொல்வதற்குச் சாட்டும் இல்லை. அவள் படத்தை நடுவில் வைத்தாள். புவனாவின் முகத்துக்குப் பக்கத்தில், தாயின் கண்ணுக்கு நேரே மெனு விரிந்தது. ஆச்சிப்பிள்ளைக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. என்றாலும் இராசாத்தியின் விரல் போகிற இடமெல்லாம் அவளுடைய கண்ணும் போனது.

ஒரு அமத்தல்தான். மாலை போனது. அதன் கீழே மறைந்து கிடந்த சட்டை தெரிந்தது. மஞ்சளில் சின்னச் சின்ன ஊதாப் பூ, கழுத்தைச் சுற்றிப் பின்னல்.

ஆச்சிப்பிள்ளை எழுந்து வந்து மொனிட்டரைத் தொட்டாள்.

“இந்தச் சட்டை இரிக்குகா. பெட்டிக்குள்ளதான் கிடக்கு,” என்றாள். “நாளைக்கு வெயில் வந்தாக் காயப்போடோணும். வந்த உடன மாத்த அவளுக்கு வேறென்ன இரிக்கு?”