பதினைந்தாவது ஆள்

விடிய ஐந்தரைக்கே லொறி வந்து கடைவாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் லூசியாஸ் கோயிலின் முதல் மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. இரவு பெய்த மழையில் தெரு கறுத்துக் கிடந்தது. வேலையாட்கள் ஸப்வானும் அழகுவும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து, ஆதப்பன் மோட்டர்ஸ் மோட்டார் சைக்கிள் கடையின் இரும்புக் கதவைத் தூக்கினார்கள். அது கரகரவென்று கத்திக்கொண்டே மேலே போனது.

லொறிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பலகை. நூற்றிருபது கிலோ வண்டியை அந்தப் பலகையில் ஏற்றுவது என்ன வேலை என்று வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, தள்ளுகிறவனுக்குத்தான் தெரியும். ஒருவன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏற வேண்டும். இருவர் கீழிருந்து தோளைக் கொடுக்க வேண்டும். பிடி தளர்ந்தால் வண்டி கீழே நிற்பவன் மேல்தான் வரும். பெற்றோலை வடித்துவிட்டிருந்தும் அதன் நாற்றம் மூக்கைவிட்டுப் போகவில்லை. ஈர டயர் பலகையில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

முன்பெல்லாம் விடியற்காலை லொறி என்றால் சரக்கு இறக்க வரும் லொறி. பெட்டி பெட்டியாகப் புது வண்டிகள் வந்திறங்கும். அந்த நாட்களில் நடைபாதை வரை நாற்பது வண்டி நிற்கும். இது ஏற்ற வந்த லொறி. இந்த மாதத்தில் மூன்றாவது.

"டிஸ்ப்ளே மாத்துறோம். நம்ம வண்டியெல்லாம் நுகேகொடை ஷோரூமுக்குப் போகுது, புதுசு வரும்" என்று சின்ன முதலாளி விஷ்வா சொல்லியிருந்தான். புதுசு வரவில்லை. போன வாரம் இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்தார்கள். வண்டியை ஏறெடுத்தும் பார்க்காமல் கூரையையும் சுவரையும் அளந்துகொண்டு போனார்கள். யார் என்று கேட்டதற்கு ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஜெயராணிக்குப் பிடிக்கவே இல்லை.

ஜெயராணி வாசலில் நின்று, ஏறுகிற ஒவ்வொரு வண்டியின் சட்டகத்தில் பொறித்த செசி இலக்கத்தையும் பட்டியலில் பார்த்துச் சரி போட்டுக்கொண்டிருந்தாள். உதிரிப்பாக அறை அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மொடலுக்கு எந்தத் தட்டில் பிரேக் ஷூ இருக்கிறது என்று எடுத்துக் கொடுப்பாள். அவள் தோளில் தொங்கிய கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. முந்தின நாள் பின்னேரம் விஷ்வா தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்த கடிதம்.

"அக்கா, உங்களுக்கு மட்டும்தான் இது. நுகேகொடை ஷோரூம்ல பார்ட்ஸ் சுப்பர்வைசர். இங்க ரிசைன் பண்ணிட்டு அங்க சேரணும், அவ்வளவுதான். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள சைன் பண்ணித் தாங்க. வெளிய மூச்சு விட்டுடாதீங்க. மத்தவங்களுக்குக் குடுக்க என்கிட்ட வேலை இல்லை, தெரிஞ்சா மனசு நோவாங்க."

ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை. சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? மகள் உயர்தரப் பரீட்சை எடுக்கிறாள். புருஷன் இடுப்பு வலியோடு முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். இந்த வயதில் இந்தத் தெருவில் வேறு யார் வேலை கொடுக்கப் போகிறார்கள்? இந்தத் தெருவில் கடைதான் எங்கே இருக்கிறது? மணிக்கூட்டுக் கடை பூட்டியாகிவிட்டது. ஸ்டூடியோ பூட்டியாகிவிட்டது. பாத்திரக் கடைக்காரர் கதவில் வாடகைக்கு என்று எழுதி ஒட்டிவிட்டு மகனோடு கனடாவுக்கே போய்விட்டார். கையில் கிடைத்த வேலையை விடக்கூடாது என்று அவள் மனது சொன்னது. ஆனாலும் காலையில் மற்றவர்களின் முகத்தைப் பார்க்கும்போது, எதையோ களவெடுத்து வந்தவள் போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒன்பதாவது வண்டி ஏறும்போது பலகை நகர்ந்தது.

கீழே தோள் கொடுத்து நின்றவன் ரொஷான். முப்பது வயது மெக்கானிக். சிங்களமும் தமிழும் கலந்து வாய் ஓயாமல் பகிடி விடுகிறவன். அவன் விலகுவதற்குள் வண்டி சரிந்து அவன் வலது பாதத்தின் மேல் விழுந்தது. "அம்மே" என்று மெல்லிய ஒரு சத்தம். அவ்வளவுதான். ஸப்வானும் அழகுவும் பாய்ந்து வண்டியைத் தூக்கினார்கள். காலில் ரப்பர் செருப்பு. பாதுகாப்புச் சப்பாத்துக் கொடுப்பதைக் கடை இரண்டு வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தது. செருப்பு எது, பாதம் எது என்று தெரியவில்லை. 

அழகு அவனைத் தூக்கி முச்சக்கரவண்டியில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தான். ஜெயராணி லாச்சியைத் திறந்து விபத்துப் படிவத்தை எடுத்து நிரப்பினாள். எட்டு மணிக்கு விஷ்வா காரில் வந்து இறங்கியதும் அதை மாடியறைக்குக் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தாள்.

பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அவனே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். மெல்பேர்னில் படித்த பழக்கம். யாருக்கும் பேர் சொல்ல வாய் வரவில்லை, எல்லாருக்கும் அவன் சேர்தான்.

"சேர், இதில ஒரு கையெழுத்து வேணும். ரொஷான்ட கால் நசுங்கிப் போச்சு. இண்டைக்கே அனுப்பினாத்தான் நட்டஈடு கேக்கலாம்."

விஷ்வா படிவத்தை வாசித்துவிட்டு மெதுவாகத் திருப்பித் தள்ளினான். "பாவம். ஹாஸ்பிட்டலுக்கு நான் நேரா போய்ப் பார்க்கிறேன் அக்கா. ஆனா இந்த ஃபோர்ம் போட ஏலாது. ரொஷான் நம்ம ஆள் இல்லையே."

"என்ன சேர் கதைக்கிறீங்க? நேத்தும் இங்கதானே வேலை செஞ்சவர்?"

"வேலை செய்றார். ஆனா கன்ட்ராக்ட்ல. மார்ச்லயே ரிசைன் பண்ணிட்டார்." அவன் ஒரு கோப்பைத் திறந்து காட்டினான்.

ஜெயராணி பார்த்தாள். ‘எனது சொந்த விருப்பின் பேரில், எவருடைய வற்புறுத்தலுமின்றி…' கீழே ரொஷானின் கோணல் கையெழுத்து.  எழுத்துக்கு எழுத்து, வரிக்கு வரி, அவள் பையில் இருக்கும் அதே கடிதம். பேர் மட்டும்தான் வேறு.

அவள் படியிறங்கிக் கீழே வந்தாள். எதிர்க்கடைத் தேத்தண்ணிக் கேத்தல் வந்திருந்தது. மெக்கானிக்மார் வேலை மேசையைச் சுற்றி, குடிக்க மனமில்லாமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அழகு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்தான். மூன்று எலும்பு முறிந்திருக்கிறதாம், ஒப்பரேஷன் செய்ய வேண்டுமாம்.

மூச்சு விடாதே என்று விஷ்வா சொன்னது அவள் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நுகேகொடை வேலை கண்ணுக்கு முன்னால் தெரிந்துகொண்டுதான் இருந்தது. இருந்தும் பையைத் திறந்து கடிதத்தை எடுத்து, கிரீஸ் படிந்த அந்த மேசையில் விரித்து வைத்தாள்.

"இது எனக்கு நேத்துத் தந்த கடிதம். ரொஷானும் இதே கடிதத்தில கையெழுத்து வெச்சிருக்கான், மார்ச்சில. அதால அவன் இந்தக் கடை ஆள் இல்லையாம், நட்டஈடும் இல்லையாம். வேற யாருக்கும் தந்தாங்களா? மறைக்காம சொல்லுங்க."

 கேத்தலில் ஆவி போய்க்கொண்டிருந்தது. முன்மேசையில் பில் போடும் ரிஸ்னா மெதுவாகத் தன் பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்தாள். 

"நான் ஏப்ரல்ல வெச்சிட்டன் அக்கா. எனக்கு மட்டும்தான் எண்டு சேர் சொன்னாரு. உம்மாக்கிட்டக் கூடச் சொல்லல்ல."

அழகு தலையைக் குனிந்துகொண்டான். "நானும்தான் அக்கா. மே மாசம். கன்ட்ராக்ட்ல போனா கூடக் கிடைக்கும்னாரு. ரொஷானோட தினமும் ஒரே பார்சல் சோத்தைப் பிரிச்சுத் தின்னுறவன் நான். அவனும் சொல்லல, நானும் சொல்லல."

காதும் காதும் வைத்தாற்போல விஷ்வா எவ்வளவு அழகாக முடித்திருக்கிறான் பாருங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, நீ மட்டும்தான் என் ஆள் என்று சொல்லியிருக்கிறான். ஒவ்வொருவரும் அதை நம்பி, மற்றவனுக்குத் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். நல்லது கிடைத்தால் மறைத்து வைக்கிற புத்தி நம் எல்லாருக்கும் இருக்கிறதே, அதைத்தான் அவன் பிடித்துக்கொண்டான்.

தலைமை மெக்கானிக் ஸப்வான் கோப்பையைக் கீழே வைத்தார். ஐம்பத்தைந்து வயது. அண்ணனைப்போல எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஜெயராணி, தேத்தண்ணி எத்தின பேருக்கு வந்த?"

"பதினெட்டு நானா. வழமையாச் சொல்றதுதானே."

"ஓ. பதினெட்டுப் பேரு குடிக்கிறம். கையெழுத்து வெச்ச மூணு பேரக் கழிச்சா கடதாசில பதினஞ்சு. நீங்களும் வெச்சா பதினாலு." அவர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "முன்ன நான் புறக்கோட்டையில ஒரு கடையில வேலைக்கு ஈந்தன். ஒரு நாள் காலையில போனா பூட்டு. தொழில் திணைக்களத்துக்குப் போனம். அங்க ஈந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, கடைசி ஆறு மாசமா எத்தின பேரு? பதினாலு எண்டம். ஃபைல மூடிட்டாரு. பதினஞ்சு பேரு ஈந்தா, தொழில் ஆணையாளர்ட அனுமதி இல்லாம, நட்டஈடு குடுக்காம வீட்டுக்கு அனுப்ப ஏலா. பதினாலு எண்டா அந்தச் சட்டம் நம்மளத் திரும்பியும் பாக்காது."

"இப்ப ஜூன்" என்றாள் ரிஸ்னா. "டிசம்பரோட வண்டிக் கம்பனி நம்ம டீலர்ஷிப்ப வெட்டுது. மெயில்ல கண்டன்."

ஆறு மாதம். விரல் விட்டு எண்ண வேண்டிய தேவைகூட இல்லை. இன்று பதினாலு ஆகிவிட்டால் டிசம்பரில் கடை மூடும்போது கணக்குச் சரியாக இருக்கும். ஜெயராணி மேசையில் கிடந்த தன் கடிதத்தைப் பார்த்தாள். தன்னுடைய ஒரு கையெழுத்தில் மற்றப் பதினாலு பேரும் தெருவுக்கு வந்திருப்பார்கள். அவளும் நுகேகொடையில் எத்தனை நாள் நின்றிருப்பாளோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"என்ன, லொறி பாதியில நிக்குது?" விஷ்வா படியிறங்கி வந்தான்.

"மிச்சத்தை நாங்க ஏத்தல்ல சேர்" என்றாள் ஜெயராணி. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "ரொஷான்ட ஃபோர்மில கையெழுத்து வையுங்க. அவன் இந்தக் கடை ஆள். அழகுவும் ரிஸ்னாவும் இந்தக் கடை ஆள்தான். மூடுறதெண்டா ஆணையாளர்ட அனுமதி எடுத்து, எங்களுக்குச் சேர வேண்டியதைத் தந்து மூடுங்க."

விஷ்வாவின் கண் மேசையில் விரித்திருந்த கடிதங்களில் விழுந்தது. அவன் முகம் மாறியது. "நான் என்ன வேணும்னா செய்றேன்? வண்டி இறக்குமதி நின்ன அஞ்சு வருஷமும் அப்பா உங்களை வெச்சுச் சோறு போட்டார். இப்ப இறக்குமதி திறந்ததும் கம்பனி தானே ஷோரூம் போட்டு, ஃபோன்லயே வண்டி விக்கிறான். என் கழுத்துலயும் கத்திதான் நிக்குது."

"ஓம் சேர், கத்திதான்" என்றார் ஸப்வான். "அதுக்காக எங்கட கழுத்த முன்னுக்கு நீட்டச் சொல்லாதீங்க. அந்த அஞ்சு வருசமும் பழைய வண்டியப் பிரிச்சுப் பூட்டி, பாதிச் சம்பளத்துக்கு இந்தக் கதவத் திறந்து வெச்ச யாரு? உங்கட வாப்பா இல்ல, நாங்க."

விஷ்வா அவரை விட்டுவிட்டு ஜெயராணியிடம் திரும்பினான். குரல் தேனாகிவிட்டது. "அக்கா, யோசிச்சுப் பாருங்க. மகள் படிக்கிறா. பின்னேரத்துக்குள்ள கையெழுத்து வராட்டி அந்த வேலை வேற ஆளுக்குப் போகும்."

ஒரு கணம் அவள் கண்ணுக்கு முன்னால் மகளின் முகம் வந்து போனது.

"போகட்டும் சேர்" என்றாள். "நான் இங்க பதினஞ்சாவது ஆள். அந்த இடத்த விட்டுட்டு நான் எங்கயும் வரல்ல."

விஷ்வா லொறிச் சாரதியைக் கூப்பிட்டு, தானே ஒரு வண்டியின் ஹேண்டிலைப் பிடித்தான். நடு ஸ்டாண்டிலிருந்து அதை இறக்கத் தெரியவில்லை அந்த மோட்டார் சைக்கிள் வியாபாரிக்கு. இரண்டு தரம் இழுத்தான், வண்டி அசையவில்லை. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவன் கை துடைத்துக்கொண்டு, "பொலிசுக்குக் கதைக்கிறேன். என் சொத்தை என் கடையிலருந்து எடுக்க விடாம மறிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு மேலே போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, தொலைபேசியில் யாரிடமோ தணிந்த குரலில் பேசும் சத்தம் கேட்டது.

கீழே யாருக்கும் பயமில்லை என்று சொன்னால் அது பொய். ரிஸ்னா அழுதுகொண்டேதான் எழுதினாள். தொழில் ஆணையாளருக்கு ஒரு கடிதம், தமிழில் ஒரு பிரதி, சிங்களத்தில் ஒரு பிரதி. கீழே பதினெட்டுப் பெயர். ராஜினாமா செய்ததாகச் சொல்லப்பட்ட மூவரும் இன்று காலை வரை இதே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள் என்று மற்றப் பதினைந்து பேரும் சாட்சி. அழகு ஆஸ்பத்திரிக்கு அழைப்பு எடுத்து ஃபோனை ஜெயராணியிடம் நீட்டினான்.

"அக்கே, என்ட பேரையும் போடுங்க" என்றான் ரொஷான். மயக்க மருந்தில் நாக்குக் குழறியது. "கால் தானே போச்சு, கை இருக்கு. வந்து சைன் வெக்கிறன்."

ஜெயராணியும் ஸப்வானும் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தெருவில் வெயில் ஏறியிருந்தது. பாதி நிரம்பிய லொறி அப்படியே நின்றது. சந்திப் பக்கமிருந்து பொலிஸ் ஜீப் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கப் புடவைக் கடையிலிருந்து ஸ்ரீலேகா என்ற விற்பனைப் பெண் தெருவைக் கடந்து ஓடி வந்தாள். காலையிலிருந்து அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள். சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தாள்.

"அக்கா, உங்க கடையில என்னமோ கடிதமாமே. இதுவா பாருங்க."

ஜெயராணி வாங்கிப் பிரித்தாள். ‘எனது சொந்த விருப்பின் பேரில், எவருடைய வற்புறுத்தலுமின்றி…'

"கையெழுத்து வெச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. எனக்கு மட்டும்தான், யார்கிட்டயும் சொல்லாதேன்னு எங்க கடை முதலாளி சொன்னார்."

"எத்தனை பேர் நீங்க?"

"பதினாறு."

ஜீப் லொறிக்குப் பின்னால் வந்து நின்றது. ஜெயராணி அதைப் பார்த்தாள், பிறகு அந்தப் பெண்ணின் கையில் கடிதத்தைத் திருப்பி வைத்தாள்.

"மத்தப் பதினஞ்சு பேர்கிட்டயும் இதைக் காட்டுங்க. இப்பவே போங்க. நாங்க இங்கதான் நிக்கிறம்."