சுவருக்குள் ஒரு கசிவு

இரும்புச் சாமான்களை உலையில் பதப்படுத்தும் அந்தப் பட்டறையில் ஃபோர்மேன் வைத்ததுதான் சட்டம். அன்று காலை உலைக்குப் போகும் ஹைட்ரஜன் சிலிண்டரின் அழுத்த மீட்டர் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. உலைப் பக்க வால்வை மூடியிருந்தும் முள் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. கண்ணில் பட்ட இணைப்பிலெல்லாம் சோப்பு நுரையைத் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

“மீட்டர்தான் மண்டையைப் போட்டிருக்கும்” என்று உலையைப் பற்றவைக்கக் கிளம்பினார். மேலாளர் ஒப்பவில்லை, கருவி மெக்கானிக்கை வரவழைத்தார். பெட்டியோடு வந்து இறங்கியது ஃபோர்மேனின் அண்ணி!

வீட்டில் அண்ணி கிழித்த கோட்டைத் தாண்டாதவர்தான். ஆனாலும் ஆட்கள் முன்னால் முகம் சுண்டிப்போயிற்று.

“மூணு தடவை பாத்தாச்சு அண்ணி. ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. இந்தப் பொட்டி மட்டும் மோந்து பாத்துருமா?”

“மோந்து பாக்காது தம்பி, சூட்டை வச்சுக் கண்டுபிடிக்கும். உள்ள ரெண்டு சின்னக் கம்பி, ரெண்டும் சூடா இருக்கும். ஒண்ணைச் சுத்தி நல்ல காத்து. இன்னொண்ணைச் சுத்தி, இந்தக் குழல் இழுக்கற காத்து. சூடான கரண்டியைத் தண்ணியில போட்டா சட்டுனு ஆறிடுதுல்ல? ஹைட்ரஜனும் அப்படித்தான். காத்தைவிட ஏழு மடங்கு நல்லா சூட்டை வாங்கிட்டுப் போயிடும். ஒரு கம்பி மட்டும் ஆறினா அதுல கரண்ட் ஓடறது மாறும், பொட்டியில இருக்கற முள்ளு ஆடும்.”

“சூடான கம்பியில கேஸ் பத்திக்காதா?”

“இந்த மாதிரி இடத்துக்குன்னே செஞ்சது. பயப்படாதீங்க.”

முற்றத்துக் காற்றில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அண்ணி வேலையைத் தொடங்கினார். ஹைட்ரஜன் லேசானது, மேலே ஏறும். அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் மேலே குழலைப் பிடித்து, எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்தார். பத்து நிமிடம், இருபது நிமிடம். ஃபோர்மேனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் முள் லேசாகத் துடித்தது.

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?”

“ஆளுங்க உக்காந்து சாப்பிடற ரூம்.”

அங்கே ஏணி போட்டு ஏறிக் குழலைக் கூரையருகே நீட்டியதுதான் தாமதம், முள் ஒரே தாவாகத் தாவியது. பின்னால் வந்த ஃபோர்மேன் வெளிச்சத்துக்காக விளக்கு சுவிட்சை நோக்கிக் கை நீட்டியிருந்தார்.

“தம்பி, கை வைக்காதீங்க!”

நீட்டிய கை அப்படியே நின்றது. சுவிட்சில் ஒரு பொறி போதும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆட்களை வெளியேற்றி, ஓடிப்போய் சிலிண்டர் வால்வை மூடி, ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டார்.

வாயு கலைந்த பிறகும் அண்ணி விடவில்லை. “இது வித்தியாசத்தைத்தான் காட்டும், எந்த வாயுன்னு பேர் சொல்லாது. நீராவிக்கும் ஆடும்” என்று, பூஜ்யத்தைச் சரிபார்த்து மறுபடி மறுபடி சோதித்தார். ஜன்னல்களைச் சாத்திப் பார்த்தும் முள் அசையவில்லை. வால்வை மூடியதும் நின்றுவிட்டதென்றால் அது குழாயிலிருந்து வந்ததுதான்.

மதியம் சுவரை உடைத்தார்கள். உள்ளே ஓர் இரும்பு வளையத்தில் உரசி உரசிக் குழாய் தேய்ந்திருந்தது. ஓட்டை எங்கே என்று ஃபோர்மேன் கண்ணாடி போட்டுத் தேடினார். தெரியவில்லை. அண்ணி விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் ஊசி முனை அளவில் ஒரு புள்ளி தெரிந்தது.

ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, ஆட்கள் எல்லோரும் கேட்கும்படியாகவே சொன்னார்: “மீட்டர் சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் கேக்கல. நீங்க வரலேன்னா இன்னிக்கு நாங்க யாருமே இல்ல அண்ணி.”

அண்ணி குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். “குடிக்கத் தண்ணி குடுங்க தம்பி. இன்னும் ரெண்டு இடம் போகணும்.”