ஹெஸ்டர் வீட்டுப் புகை

1821ஆம் ஆண்டு அறுவடை முடிந்த வாரத்தில், இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்துப் பெல்லிங்ஃபோர்டு ஊரில், ஹெஸ்டர் ப்ளெட்ஜர் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வருவது நின்றுபோனது. அடுப்பு எரிந்தது, பன்றிக்கறி வெந்தது. புகை மட்டும் இல்லை. ஈர விறகாக வைத்துத் திணித்துப் பார்த்தாள். கூரைக்கு மேலே வானம் துடைத்துவிட்டது போலிருந்தது.

அந்தக் கோடை முழுக்க அவள் வீட்டு மாடியறையில் ஆம்ப்ரோஸ் லைல் என்ற இளம் ஓவியன் தங்கியிருந்தான். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தையும் அதன் ஓரத்தில் இருந்த அவள் குடிசையையும் பண்ணையாருக்காக எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தான். விதவையான ஹெஸ்டர் தன் ஒற்றைப் பசுவின் பாலைத் தினமும் அவனுக்குக் கொடுத்தாள். அவன் அவளுக்கு வேலையின் சூட்சுமங்களைச் சொன்னான்: முதலில் பழுப்பு, அது காய்ந்தபின் மரங்கள், பிறகு வானம், புகை கடைசியில்தான், ஈய வெள்ளையை உலர்ந்த தூரிகையில் தொட்டு லேசாக இழுக்க வேண்டும்.

"மேல எத்தன பூசினாலும் கீழ இருக்கறது சாகாதுக்கா. எண்ணெய்க்கு வயசாக வயசாகக் கண்ணாடி மாதிரி ஆயிடும். ஒருநாள் எட்டிப் பார்க்கும்."

"அப்ப உங்க தொழில்ல திருட்டுத்தனம் பண்ண முடியாதுன்னு சொல்லு, தம்பி."

அந்த ஊரில் மேய்ச்சல் உரிமை பத்திரத்தில் இல்லை, புகையில் இருந்தது. புகை எழும் இடத்துக்கு ஒரு மாடு. பொது நிலத்தைப் பங்கிட்டு வேலி போட வந்த அதிகாரிகள் தேவாலயக் கோபுரத்தில் ஏறிப் புகைகளை எண்ணினார்கள். ஹெஸ்டர் வீட்டை எண்ணவில்லை. அவள் அதிகாரிகளின் எழுத்தரை இழுத்துவந்து அடுப்பில் கைவைக்கச் சொன்னாள்.

"சுடுதும்மா, ஒத்துக்கறேன்," என்று அவர் விரலை உதறினார். "ஆனா சூட்ட எண்ணச் சொல்லலியே."

பண்ணையார் மாளிகைக்கு ஓடினாள். கூடத்தில் ஓவியம் மாட்டியிருந்தது. அவள் புகை இருந்த இடத்தில் புது நீலம் ஈரமாக மின்னியது.

"வானத்தக் கெடுக்குதுன்னு பண்ணையார் சொன்னாருக்கா," என்றான் அங்கே நின்ற ஆம்ப்ரோஸ். "எடுத்துட்டா லண்டன் கண்காட்சிக்கு அனுப்பறேன்னாரு."

"எதுக்கு எடுக்கச் சொன்னார்னு உனக்குத் தெரியுமா?"

அவன் தூரிகையைத் துடைத்தான். "தெரியும்."

"காலைல குடிச்ச என் பால் இன்னும் உன் உதட்டுல காயல, தம்பி."

அவள் பங்கு பண்ணையாருக்குப் போனது, மேய்ச்சலில்லாமல் பசுவும் போயிற்று. குடிசையை இடித்துப் பண்ணையார் புல்வெளி போட்டார். ஹெஸ்டர் பக்கத்து ஊரில் இருபத்து மூன்று வருடம் துணி வெளுத்தாள், ஆம்ப்ரோஸ் பெயர்பெற்றான். அப்புறம் ஒரு சித்திரையில் மாளிகைக் கூடத்து ஓவியத்தின் நீலத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று தெரிந்தது. அதே காலையில் புல்வெளிக்கு மேலே, புகைபோக்கி உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து புகை எழுந்தது. தோட்டக்காரன் ஏணி போட்டுத் தண்ணீர் ஊற்றினான், நனைந்தது அவன்தான்.

ஹெஸ்டர் செய்தி கேட்டு இரவல் பசு ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து, புகையை முகர்ந்து பார்த்தாள். "ஈர விறகு. நான் வச்சதுதான்," என்று பசுவை அவிழ்த்துவிட்டாள். பழைய வழக்கத்தை ரத்துசெய்ய யாருக்கும் தோன்றியிருக்கவில்லை என்பதால் பண்ணையாரால் தடுக்க முடியவில்லை. ஆம்ப்ரோஸை வரவழைத்தார். அவன் மூன்று முறை நீலம் பூசினான்; மூன்று முறையும் காய்வதற்குள் கீற்று மேலே வந்துவிட்டது. புல்வெளிக்கு இறங்கிவந்து, "அக்கா," என்றான். கறந்துகொண்டிருந்தவள் திரும்பவில்லை. கறந்த பாலில் ஒரு குவளையைத் தோட்டக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து மாளிகையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் துணி உலர்த்துகிறார்கள்.