விளிம்பில் வெட்டுப்பட்ட வாசல்

என் ஞாபகத்தை முழுதாக நம்பவேண்டாம். மூன்றாம் மாடி வீட்டின் முன்னறைச் சுவர் வெளிர்நீலமா பச்சையா, அன்று தூறல் இருந்ததா இல்லையா என்று கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன். ஒன்றில் மட்டும் சந்தேகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வீட்டிலிருந்து வெளியே போகிற கதவு இல்லாமல் போயிற்று. வெளியே நின்று பார்த்தால் கதவு இருந்தது, பூட்டு இருந்தது, அழைப்பு மணியும் அடித்தது. உள்ளே நின்று பார்த்தால் வெறும் சுவர். சுவருக்கு முன்னால் செருப்புகள் மட்டும் வரிசையாகக் காத்திருந்தன.

அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பது அவர் வேலை. மனைவி ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் பார்த்தாள். ஒட்டி முடித்த புத்தகங்களை அடுக்கிவைத்து மூன்று பக்கமும் ஓரம் வெட்டிச் சீராக்குவது. மகள் பள்ளிக்கூடம் போகிறவள். அச்சகம் வருடத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்த சாகச நாவல் வரிசை ஒன்று உண்டு. ஒரு அக்காவும் தம்பியும் ஒற்றைக்காது நாயும் ஊர்ஊராக அலைகிற கதை. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு புதிர். விடை கண்டுபிடித்தால்தான் அடுத்து எந்தப் பக்கத்துக்குப் போவதென்று தெரியும். அவர் சத்தமாக வாசிப்பார், அவள் விடை யோசிப்பாள், மகள் பென்சில் பிடிப்பாள். இரண்டாம் புத்தகத்தில் கப்பல் கிளம்பியபோது வீட்டுக்குள் உப்புக் காற்று வீசி ஒரு வாரம் துணி காயவில்லை. மூன்றாவதில் நாய் குகைக்குள் தொலைந்தபோது கட்டிலுக்கடியில் குரைப்பு கேட்டது. கீழ்வீட்டுக்காரர் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னாரே தவிர நாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நான்காம் புத்தகம் வந்த வருடம் அவரும் அவளும் பேச்சை நிறுத்தினார்கள். காரணம் என்று கட்டடத்தில் பலதும் பேசிக்கொண்டார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். மௌனம் ஆரம்பத்தில் எதற்காகவோ வருகிறது. கொஞ்ச நாளில் காரணம் போய்விடுகிறது, மௌனம் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது. எல்லாம் மகள் வழியாக நடந்தது. "அம்மாகிட்ட சொல்லு, சட்டையில பட்டன் போயிருச்சு." அம்மா இரண்டடி தூரத்தில் நிற்பாள். "அப்பாகிட்ட சொல்லு, ஊசி இருக்கிற இடம் அவருக்கும் தெரியும்." போகப்போக மகள் சுருக்கிக்கொண்டாள். இந்தப் பக்கம் திரும்பி "பட்டன்" என்பாள், அந்தப் பக்கம் திரும்பி "ஊசி" என்பாள். நான்காம் புத்தகத்தை மகள் தனியாகவே வாசித்தாள். அதில் பெரிய பனிமலை வந்தது. வீட்டில் ஒரு ஜன்னல்கூடக் குளிரவில்லை.

அடுத்த வருடம் அவர் வேலைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்தார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போய்விடுவதாக மகளிடம் சொல்லி அனுப்பினார். மகள் அதை மட்டும் சுருக்காமல் முழுதாகச் சொன்னாள். அந்த ஞாயிறு காலை அப்பாவிடம் ஒன்று கேட்டாள். ஐந்தாம் புத்தகம் வந்துவிட்டது, கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி, வாசித்துவிட்டுப் போகச்சொன்னாள். அவர் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு வாசித்தார். விடை தன் பொறுப்பு என்பதால் அவளும் வந்து மேசையில் உட்கார்ந்தாள். கதையில் பிள்ளைகள் ஒரு சுவர்க்காட்டுக்குள் நுழைந்ததும் பின்னாலிருந்த கதவு மறைந்தது. பக்கம் நிறைய வரைந்திருந்த சிக்கலான சந்துகளில் கோடு இழுத்து, விளக்கு எரியும் வாசலுக்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், அதுதான் புதிர். மகளின் பென்சில் வளைந்து வளைந்து தாளின் விளிம்புவரை போய் நின்றது. பக்கத்தில் எங்குமே விளக்கு வாசல் இல்லை. "சரி, நான் கிளம்புறேன்னு சொல்லு" என்று அவர் எழுந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

சமாதானம் பேச மனைவியின் அண்ணன் வந்து மணி அடித்தது அந்த நேரத்தில்தான். கதவைத் தள்ளி உள்ளே வந்தார், திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள, கதவு எங்க?"

"நீங்கதான் இப்ப அது வழியா வந்தீங்க. நீங்க சொல்லுங்க."

பின்னாலேயே தண்ணிக் கேன் போடுகிறவர் வந்தார். கேனை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைச் சற்றுநேரம் பார்த்து, "அக்கா, இன்னும் ரெண்டு வீடு பாக்கி" என்றார். அதற்குப் பிறகு யாரையும் உள்ளே வரவேண்டாம் என்று ஜன்னலிலிருந்து கத்திச் சொன்னார்கள். அந்த வாரம் ஊரில் வேறு சில வீடுகளிலும் இதேதான். புத்தகத்தைக் கடைசிவரை வாசித்த குடும்பங்கள் எல்லாம் உள்ளே இருந்தன. பள்ளிக்கூடத்தில் வராதவர்களுக்கு "கதவு இல்லை" என்று குறித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்கள். மூன்றாம் மாடிக்குக் கயிற்றில் பை கட்டிப் பாலும் ரொட்டியும் அண்ணனின் பிரஷர் மாத்திரையும் ஏற்றியவர்களில், அதே கட்டடத்தில் குடியிருந்த நானும் ஒருவன்.

மெக்கானிக் சுவரைத் தட்டிப் பார்த்தார், திருப்புளியால் சுரண்டிப் பார்த்தார். தினமும் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டார், துவைத்துக் கொடியில் போட்டார். சட்டைகள் ஒவ்வொன்றாகக் கொடிக்குப் போய்ப் பெட்டி காலியாகிக்கொண்டு வந்தது. பேச்சு மட்டும் மகள் வழியாகவே நடந்தது. கேன்காரர் இரண்டாம் நாளிலேயே முறையைக் கற்றுக்கொண்டு, "பாப்பா, மாமாகிட்ட சொல்லு, ஃபேனைக் கூட்டச் சொல்லி" என்றார்.

செவ்வாயோ புதனோ, அண்ணனுக்கு மூச்சு முட்டியது. சுவரைக் கையால் அடித்து, "நான் இங்கயே போய்ச் சேர்ந்துருவேன்" என்று அலறினார். அப்போது லிஃப்ட் மெக்கானிக்கிடமிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரல் வந்தது. வேலையில், மூடிய கதவு இடுக்கில் வாய்வைத்து, உள்ளே இருட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரல். "பதறாதீங்க மச்சான். நான் இங்கதான் இருக்கேன். மெதுவா மூச்சு விடுங்க. பேசிக்கிட்டே இருங்க, என்ன வேணா பேசுங்க." மாட்டிக்கொண்டவர்களை முதலில் பேசவைக்கவேண்டும், கம்பியும் கப்பியும் அப்புறம். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது அவர் வழக்கம். மகளிடம் கேட்டார், கேன்காரரிடம் கேட்டார். அதே குரலில், பழக்கத்தில், மனைவி பக்கம் திரும்பி, "நீ எப்படி இருக்க? பயமா இருக்கா?" என்றார்.

மகள் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். சொல்லியனுப்ப ஒன்றும் இருக்கவில்லை.

"பயமா இருக்கு" என்றாள் மனைவி.

பிறகு புத்தகத்தை எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். "இது நான் வெட்டினது. ஓரத்துல ஒரு விரலகலம் அதிகமா வெட்டுப்பட்டிருக்கு. நீங்க ரூம் பார்த்திருக்கீங்கன்னு இவ வந்து சொன்னதுக்கு மறுநாள் வெட்டினது. அளவு வச்சேன். கண்ணு சரியாத் தெரியல."

அவர் அந்த ஓரத்தில் தன் விரலை வைத்து அளந்து பார்த்தார். "அன்னைக்கு நான் ஒரு லிஃப்டை ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன்" என்றார். "வாட்ச்மேன் ஓடிவந்து கூப்பிட்டாரு."

அவள் ஒரு வெள்ளைத் தாளில் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிப் பக்கத்தின் விளிம்பில் ஒட்டினாள். நின்றுபோயிருந்த வழி மறுபடி நகரத் தாள் கிடைத்தது. "விளக்கு வாசலை எங்க வரையட்டும்?" என்று மகள் கேட்டாள்.

"அப்பாகிட்ட கேளு."

"அம்மாகிட்ட சொல்லு, அவ இஷ்டம்."

சொல்லி முடித்ததும் இருவருக்கும் உறைத்தது. முதலில் சிரித்தவர் கேன்காரர் என்று சொல்வார்கள். அவள் பென்சிலை வாங்கித் துண்டின் அடிப்பக்கத்தில் வாசலை வரைந்தாள், சின்னதாய் ஒரு விளக்கும் போட்டாள். சமையலறையில், பாத்திர அலமாரிக்கும் குழாய்க்கும் நடுவே, கதவு வந்து நின்றது.

அண்ணன் சொல்லிக்கொள்ளாமலே ஓடினார். கேன்காரர் காலிக் கேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மெக்கானிக் தன் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை, சட்டையெல்லாம் கொடியில் ஈரமாக இருந்தது. "ரூம் சாவியைக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பிவந்து மணி அடித்தார்.

அச்சகம் மற்ற வீடுகளுக்கு விரலகலத் துண்டுகளை அனுப்பியது. அவளை யாரும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஒட்டிய குடும்பங்கள் நன்றி எழுதின. ஒட்டியதை விடுமுறை நாட்களில் மட்டும் உரித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்ட குடும்பங்கள் இன்னும் நீளமாக நன்றி எழுதின. அந்த வீட்டுக்குள் இப்போதும் முன்வாசல் வழியாகத்தான் வரவேண்டும், சமையலறை வழியாகத்தான் போகவேண்டும். இரண்டும் ஒரே படிக்கட்டில் திறக்கின்றன. அளந்து பார்க்க வந்த பொறியாளர் டீ குடித்துவிட்டுப் போனார். அண்ணன் அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே நின்று பேசுகிறார். கேன்காரர் தன் பிள்ளைகளுக்கு அந்த வரிசையை முழுதாக வாங்கினார். மகள் வளர்ந்து வேறு ஊரில் புதிர்கள் வரைகிறாள், ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு. அவர் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அடுப்புப் பக்கம் நிற்கிறவளைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. "வர்றேன்" என்கிறார். "சரி" என்கிறாள்.