அறிவிப்புக்கு முன்

வாப்பாவின் இமைகளை மூடிவிட்டுத் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டும்போதுதான் ஸம்றாவுக்குத் தம்பியின் நினைவு வந்தது. கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. அஸீம் அந்த நேரம் புதுப்பித்த மைதானத்தில், காரைதீவு அணிக்கு எதிராகக் கோல் காத்துக்கொண்டிருந்தான்.

சாச்சா அச்சிமுகம்மது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் பள்ளிவாசலுக்குப் போய், பாங்கு சொல்லும் மோதினாரிடம் சொன்னால் போதும், அடுத்த நிமிடமே ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். மூன்று வருடத்துக்கு முன் உம்மாவின் மவுத்துச் செய்தியை அஸீம் அப்படித்தான் கேட்டான், சந்தை நடுவில், தனியாக. நின்ற இடத்தில் விழுந்தவன் நாற்பது நாள் வாய் திறக்கவில்லை. பிள்ளை பழையபடி ஆவானா என்று வீடே கலங்கிப்போய்க் கிடந்தது. இன்னொரு முறை அப்படி ஆகக்கூடாதென்று ஸம்றா முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள்.

"கால் மணித்தியாலம் தாங்க சாச்சா. நான் போய் என்ட வாயால சொல்லுறன்."

"மவுத்த ஒளிக்கப்படாது மகள். கால் மணித்தியாலம்தான். மறுகா சொல்லிருவன்."

அழைத்துச் சொல்லவும் வழியில்லை, வீரர்களின் போன்களை ஆட்டத்துக்கு முன்பே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆட்டோவில் ஏறியவளுக்குக் காது பள்ளிப் பக்கமே இருந்தது. வழியில் மீன் வண்டிக்காரனின் ஒலிபெருக்கி கரகரத்தபோது, அறிவிப்புத்தானோ என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

பழைய மைதானமாக இருந்தால் இந்தப் பாடே இல்லை. ஆடு மாடெல்லாம் கேட்டுக்கேள்வியின்றி நுழைந்து, கோல் கம்பத்தில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போகும். இப்போது சுற்றுமதில், சுழலும் இரும்புக் கதவு, நம்பர் போட்ட கதிரை. காசை நீட்டினாள். போனில் எடுத்த டிக்கெட்தான் செல்லும் என்றான் வாசலில் நின்றவன்.

ஸம்றா அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"வாப்பா மவுத்தாகிட்டாங்க. கோல் கீப்பர் என்ட தம்பி. அவனுக்கு இன்னும் தெரியா."

அவன் பக்கக் கதவைத் திறந்துவிட்டான். இடைவேளைக்கு ஐந்து நிமிடம் இருப்பதாகவும், விசில் ஊதியதும் தம்பியிடம் கூட்டிப் போவதாகவும் சொல்லி, பெண்கள் பகுதியில் இருக்க வைத்தான்.

உள்ளே பாட்டுச் சத்தம் நெஞ்சை இடித்தது. இந்தச் சத்தத்தில் பள்ளி அறிவிப்பு கேட்காது என்று புரிந்ததும், வீட்டிலிருந்து வந்தபின் முதல் தடவையாக ஸம்றா ஒழுங்காக மூச்சு விட்டாள். தம்பியின் ஆட்டத்தை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை. வாப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவரை விட்டு அசைந்தவள் இல்லை. அவள் வீட்டில் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அஸீமும் விளையாடப் போவான். தூரத்தில் மஞ்சள் சட்டையோடு நின்றான். முதலில் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள்.

பந்து வெளியே போயிருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் திடீரென்று சிரித்துக் கையசைத்தார்கள். எதற்கென்று ஸம்றா நிமிர்ந்தாள். எதிர்ப்பக்கம் ஒரு வீட்டளவு திரை. பார்க்க வந்தவர்களின் முகங்களை அதில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதில் அழுது வீங்கிய முகம் ஒன்று நின்றது. அது தன் முகம் என்று தெரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு கீழே பார்த்தாள். அஸீமின் தலை திரையை நோக்கி நிமிர்ந்திருந்தது.

பந்தை உள்ளே எறிந்தார்கள், ஆட்டம் மறுபடி தொடங்கியது. அவன் பந்தைப் பார்க்கவில்லை. ஒரு கையுறையைக் கழற்றிப் புல்லில் வைத்தான். மற்றதையும் கழற்றி அதன்மேல் வைத்தான். கோலை அப்படியே விட்டுவிட்டு, அவள் இருந்த பக்கம் நடந்து வரத் தொடங்கினான்.