எலிக்கால் வீக்கம்

என் வீட்டுக்காரர் தேவதாஸை நினைச்சா இன்னைக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. மூட்டு வீங்கினவங்களுக்கு அவர் போடுற பச்சிலைப் பத்து, எங்க ஊர்ல காஜா பெராங்கிலேருந்து செமாபோக் வரைக்கும் பேர் வாங்கினது. மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைச்ச ரெண்டாவது வருஷம் சுகாதார ஆபீசிலேருந்து ஒரு கடிதாசி வந்தது. மருந்துல சத்து இருக்குன்னு நிரூபிக்கணுமாம், இல்லைன்னா வைத்தியத்தை நிறுத்தணுமாம்.

நான்தான் நாயா அலைஞ்சேன். சிங்கப்பூரில் பச்சிலைகளைச் சோதிக்கிற சந்திரமதி டாக்டரம்மாவுக்கு எழுதிப் போட்டேன். அவங்களும் மெனக்கெட்டு பஸ் ஏறி வந்தாங்க. எலியோட காலை வீங்க வச்சு மருந்து கொடுத்துப் பார்ப்பாங்களாம். வீக்கம் வத்தினா, எந்தச் சத்து அதை வத்த வைக்குதுன்னு பிரிச்சு எடுத்து, எழுதியே தர்றேன்னாங்க. இவரும் ரொம்பப் பவ்யமா ஒரு சாக்கு நிறைய நொச்சி இலை பறிச்சுக் கொடுத்தார்.

நாலு மாசம் கழிச்சுப் பதில் வந்தது. எலிக்கால் வீக்கம் சொல்லிக்கிற மாதிரி குறையலையாம். நான் தலையில கை வச்சு உட்கார்ந்துட்டேன். இவர் பசியாறிக்கிட்டே, "எப்படிக் குறையும்? கழற்சிப் பருப்பைத்தான் நான் சொல்லவே இல்லையே" என்றார். முக்கியமான சரக்கை வெளியே சொன்னா மருந்து பலிக்காதாம். கட்டின பொண்டாட்டி எனக்கே அன்னைக்குத்தான் அது தெரியும்.

"மருந்து பலிக்கும், உங்களுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு"ன்னு கத்தினேன். டாக்டரம்மாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒரு தடவை மறைச்சவர் கொடுக்கிறதை நம்பி மறுபடி சோதிக்க முடியாதுன்னு ரெண்டு வரி எழுதியிருந்தாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. அந்த வாரமே வைத்தியத்துக்குத் தடையும் வந்துடுச்சு.

மறுநாள் துணிக்கடை காதர் மைதீன் பாய் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். "இனிமே போடக்கூடாதாம் பாய்"னு இவர் தலையைக் குனிஞ்சார்.

தெருவுக்கே கேட்கட்டும்னு நான் சத்தமா சொன்னேன். "நொச்சி இலை ஒரு பிடி, பாய். கூடக் கழற்சிப் பருப்பு. அரைச்சுச் சூடு பண்ணி வீட்டுலயே போட்டுக்குங்க."

"பருப்பு எத்தனை, தங்கச்சி?"

அது எனக்குத் தெரியாது. இவரை முறைச்சேன்.

"அஞ்சு" என்றார் கடைசியில. "மிளகும் ரெண்டு சேர்க்கணும்."

இந்த வாயை அந்த டாக்டரம்மா முன்னாடி திறந்திருந்தா என்ன கேடு வந்திருக்கும்?