கொத்தனார் வீட்டிலிருந்த எட்டு நாட்கள்

செத்து நான்கு வருடமான கொத்தனார், வருகைப் பதிவேட்டிலிருந்து அதிகாரி தன் பெயரை வாசித்ததும் நகராட்சி மண்டபத்தின் கடைசி வரிசையில் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்றார். அப்போது மணி பதினொன்றே கால். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி, காலில் ஈரமண். முன்வரிசையில் இருந்த அவர் மனைவி அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பியவள், மனுவைக் கீழே போட்டுவிட்டாள்.

நகராட்சிக்குக் கட்டிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்துதான் அவர் போனார். உடலை வாங்கி அடக்கம் செய்தவள் அவளே. ஆனால் ஆள் சாகவில்லை என்றால் விபத்து இல்லை, விபத்து இல்லை என்றால் பதில் சொல்ல யாரும் இல்லை என்று ஓவர்சியரும் காண்டிராக்டரும் கண்டுபிடித்து, அவருக்காக நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டுவந்தார்கள். தொட்டி முடிந்ததும் பேப்பரிலேயே அவரைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். சாவைப் பதியச் சொல்லி அவள் செருப்புத் தேய நடந்தாள். குமாஸ்தா ஒவ்வொரு முறையும் பதிவேட்டைப் புரட்டி, "நேத்துகூட வேலைக்கு வந்திருக்காரும்மா, இதோ கையெழுத்து" என்பார். கடைசியில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. அரசாங்க வேலைகளின் பதிவேடுகளை எல்லாம் ஜனங்கள் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். முதல் மனு அவளுடையது.

சட்டம் எழுதியவர்கள் செத்தவர் பதில் சொல்வார் என்று நினைத்துப் பார்க்கவில்லை, பாவம். வெளியூரிலிருந்து வந்த விசாரணை அதிகாரி நேர்மையான பெண்மணி. எழுந்து நிற்கிற ஆளைச் செத்தவர் என்று எழுத வழியில்லாமல் எட்டு நாள் தள்ளிவைத்தார். ஓவர்சியருக்கு முகமெல்லாம் பல். "புருஷன்தான் வந்துட்டாரே, இனி எதுக்கும்மா மனு?" என்று, வாபஸ் வாங்குகிற தாளையும் நிரப்பியே கொடுத்தனுப்பினார்.

கொத்தனார் முதல் இரண்டு நாளும் தூங்கினார். "நாலு வருஷமா எனக்கு ஒரு நாள் லீவு போடல அவங்க" என்றார், அவ்வளவுதான். மூன்று வயதில் விட்டுப்போன மகளுக்கு இப்போது ஏழு. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் மூன்றாம் நாள் வந்து மடியில் உட்கார்ந்தாள். மனைவி அவர் சட்டையைத் தினமும் துவைத்தாள், தூசி போகவே இல்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பொய்க் கையெழுத்தில் கிடைத்தாலும் புருஷன் புருஷன்தானே. வாபஸ் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

ஏழாம் நாள் காலையில் மகளை அந்தப் புதுப் பள்ளிக்கூடத்தில் விடப் போனவர், வகுப்புச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மணலாகக் கொட்டியது. அந்த மணலைச் சட்டைப் பையில் கொண்டுவந்து சமையலறைத் தரையில் கொட்டினார்.

"தொட்டிக்குப் போட்ட அதே கலவை. நாளைக்குப் பேர் படிக்கும்போது நான் வாயத் திறக்கமாட்டேன். நீதான் சொல்லணும்."

"என்னால முடியாதுங்க."

"புள்ள சுவரோரமாதான் உக்காருறா."

மறுநாள் மண்டபத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். அதிகாரி பெயரை வாசித்தார். பதில் இல்லை. இரண்டாம் முறை வாசித்தபோது ஓவர்சியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து கொத்தனாரைக் கைகாட்டினார். மனைவி அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "வரல" என்றாள். குரல் எட்டவில்லை என்றார் அதிகாரி. "வரலீங்க. அவர் செத்து நாலு வருஷமாச்சு" என்று உரக்கச் சொன்னாள். பிடித்திருந்த கையில் கொஞ்சம் சிமெண்டுத் தூசிதான் இருந்தது.

அந்த மாதமே, சோதிக்க வந்த நாலு பேர் தள்ளியதில் பள்ளிக்கூடச் சுவர் சாய்ந்தது. அது ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. ஓவர்சியரும் காண்டிராக்டரும் ஜெயிலுக்குப் போனார்கள். செத்தவர்கள் சொல்லும் பதிலைக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஆனால் களைத்து வருவதால் உட்கார ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வேறு வேலைகளின் பதிவேடுகளிலிருந்து இதுவரை ஐந்தாறு பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விசாரணை நாளெல்லாம் கொத்தனார் மனைவி முன்னதாகவே வந்து அந்தப் பெஞ்சைத் துடைத்துவிட்டு, ஓரமாக நின்று பார்ப்பாள். அவர் வருவதில்லை. அவர் பெயர்தான் இப்போது எந்தப் பதிவேட்டிலும் இல்லையே.